எந்தப் பிரிவில் சேர்ப்பது?

 

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் எங்கள் மதரஸாவின் வாசற்படியில் வழக்கத்தைவிட அதிகமாகச் செருப்புகள் சேர்ந்துவிடும். ஓத வரும் பிள்ளைகளுடன் அவர்களுடைய தந்தைமாரும் வந்துவிடுவதே காரணம். கையில் மதிப்பெண் பட்டியலின் நகல், உதட்டில் ஒரே கேள்வி: "ஹஜ்ரத், பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்க்கலாம்?"

ஓதிக் கொடுப்பவரிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆயினும் எங்கள் பகுதியில், அம்பத்தூர் முதல் ஆவடி வரையில், தொழிற்சாலை வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. கேட்டறிய மூத்த உறவினர் அருகில் இல்லை. ஆகவே அஸருக்குப் பின் மதரஸாவில் அமர்ந்திருப்பவனிடம் வருகிறார்கள். ஆலோசனை சொல்வது அமானிதம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்ற நான், அந்த அமானிதத்தை ஒருமுறை சரியாகப் பேணவில்லை. அதைச் சொல்லாமல் இம்மாதக் கட்டுரையைத் தொடங்க என் மனம் இடங்கொடுக்கவில்லை.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் தந்தை இதே கேள்வியைக் கேட்டார். மஃரிபு பாங்குக்குச் சில நிமிடங்களே இருந்தன. "இது கம்ப்யூட்டர் காலம். கம்ப்யூட்டர் பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒளூச் செய்ய எழுந்து போய்விட்டேன். பையன் அருகிலேயே நின்றான். அவனை நான் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று வந்தவன், பிசியோதெரபி படிக்க விரும்புவதாகச் சொன்னான். பக்கவாதத்தில் விழுந்த பாட்டனாரை நடக்க வைத்த மருத்துவரை வீட்டில் நாள்தோறும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். ஆனால் அந்தப் படிப்பில் சேர உயிரியல் படித்திருக்க வேண்டும். அவன் படித்ததோ கணிதமும் கணினி அறிவியலும். கதவு அடைபட்டிருந்தது, அடைத்த கை என்னுடையது.

அவன் என்னைக் குறை கூறவில்லை. "நீங்கள் சொன்னதால்தான் அத்தா யோசிக்காமல் சேர்த்தார், ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னான். இன்று ஒரு கணினி நிறுவனத்தில் இரவு நேரப் பணியில் இருக்கிறான். எங்கு கண்டாலும் ஸலாம் சொல்கிறான். அந்த ஸலாமுக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மஃரிபு வேளை நினைவுக்கு வருகிறது.

அதன் பிறகு நான் ஒரு முடிவு செய்தேன். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாய் திறப்பதில்லை. பாடநூல்களை வாங்கிப் படித்தேன். கணினி ஆசிரியர்களிடம் மாணவனைப் போல் அமர்ந்து கேட்டேன். அப்படி அறிந்தவற்றை இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அறிய வேண்டியது

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை கணினி தனித் தேர்வுப் பாடம் அன்று. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தே பாடங்கள். பதினொன்றாம் வகுப்பில்தான் பிள்ளை முதன்முறையாகக் கணினியைத் தேர்வுப் பாடமாகக் காண்கிறது. அங்கே ஒரு மொழிப்பாடம், ஆங்கிலம், பிரிவுக்குரிய நான்கு பாடங்கள் என ஆறு உண்டு. நாம் படித்த காலத்தில் 1200 மதிப்பெண் இருந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பாடத்திற்கும் 100 என்று குறைக்கப்பட்டு மொத்தம் 600 ஆயிற்று. ஆறிலும் தேறினால்தான் மேல்நிலைக் கல்வி முடிந்ததாகப் பொருள்.

இப்போது மிக முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோரில் பெரும்பாலோர் இதை அறியாதிருக்கின்றனர். பொறியியல் கல்லூரியில் கணினிப் பொறியியல் படிக்க, மேல்நிலையில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை! தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்ட பின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டி 200க்குக் கணக்கிடுகின்றனர். கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்தக் கணக்கில் அது ஏறாது.

அப்படியாயின் கணினி அறிவியல் வீணா? அல்லவே அல்ல. அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று அறிந்து எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இயற்பியல், வேதியியல், கணிதத்துடன் கணினி அறிவியலை எடுத்தால் பொறியியல் வழி திறந்திருக்கும். மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி போன்றவற்றின் வழி அடையும். அதே மூன்றுடன் உயிரியலை எடுத்தால் இரு வழிகளும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். சில பள்ளிகளில் உயிரியலும் கணினி அறிவியலும் சேர்ந்த பிரிவு உண்டு. அங்கே கணிதம் இராது. ஆகவே பொறியியல் தரவரிசையில் இடம் இராது. நான்கு பாடங்களில் எது இருக்கிறது என்று பார்ப்பதைப் போலவே, எது இல்லை என்றும் பாருங்கள்.

பெயர் ஒன்று, பாடம் வேறு

கணினி என்ற பெயரில் ஒரே பாடம்தான் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், கணினித் தொழில்நுட்பம் என மூன்று உண்டு. 2018-19 முதல் வெளிவந்த பாடநூல்களின்படி, கணினி அறிவியலில் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைதான் மொழியும் தரவுத்தளமும் கற்பிக்கப்படுகின்றன. இது ஏறத்தாழக் கணிதத்தின் உடன்பிறப்பு. கணக்கில் ஆர்வமில்லாத பிள்ளை இதில் தடுமாறும்.

கணினிப் பயன்பாடுகள் என்பது பெரும்பாலும் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றுடன் சேர்ந்து வருவது. கடிதம் அமைத்தல், அட்டவணைக் கணக்கு, இணையப் பக்கம் உருவாக்குதல், பின்னர் வலையமைப்பு, மின்வணிகம் என்று இது செல்லும். கணக்குப்பதிவியல் நூலிலேயே டேலி பற்றிய பாடமும் இருக்கிறது. வாப்பாவின் கடைக் கணக்கை நாளை நிமிர்த்தப் போகிற பிள்ளைக்கு இது ஏற்றது. ஆயினும் இந்தப் பிரிவில் இயற்பியல், வேதியியல் இல்லாமையால், இதிலிருந்து அந்தப் பொறியியல் தரவரிசைக்குச் செல்ல இயலாது. பி.சி.ஏ., பி.எஸ்.சி. கணினி அறிவியல் போன்ற பட்டப் படிப்புகளுக்கு ஒவ்வொரு கல்லூரியும் எந்தப் பாடம் கேட்கிறது என்பதை விண்ணப்பக் குறிப்பேட்டில் பாருங்கள். சில இடங்களில் கணிதம் கேட்பர். சில இடங்களில் கணினிப் பாடமோ வணிகக் கணிதமோ போதும் என்பர்.

கணினிப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என மதிப்பெண் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே சேர்க்கும் முன் பள்ளியின் கணினி அறையை நேரில் பாருங்கள். எத்தனை கணினிகள் ஓடுகின்றன? வாரத்தில் எத்தனை முறை பிள்ளைகள் தொடுகிறார்கள்? இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பக்கத்துத் தெருவில் மூன்று மாதத்தில் டிப்ளமோ தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் பயிற்சி நிலையங்களும் உண்டு. விடுமுறையில் பழகிக்கொள்ள அவை உதவலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் மேல்நிலைத் தேர்ச்சிக்கு ஈடாகாது. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்றால் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

பள்ளியை மாற்றும் முன்

கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்கவில்லை என்று அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்க்கத் துடிக்கும் பெற்றோரே, சற்று நில்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் இது வந்தது. அவ்வாறு படித்து மேற்படிப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் தொடங்கியது. கடைசி இரண்டு ஆண்டுகளில் பள்ளியை மாற்றினால், ஐந்தாண்டுகள் சேர்த்த தகுதி கைநழுவிப் போகும். நம் சமுதாயத்திற்கு 2007இல் கிடைத்த 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீட்டிற்குரிய சாதிச் சான்றிதழையும் பெயர்ப் பிழையின்றி இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வுக்கு முதல் நாள் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடாதீர்கள்.

ஆவடியில் கேந்திரிய வித்தியாலயங்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களும் இதைப் படிப்பீர்கள். மத்தியப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல், இன்பர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் என இரண்டு உண்டு; ஒன்றைத்தான் எடுக்கலாம். பத்தாம் வகுப்பில் ஆறாவதாக ஒரு திறன் பாடத்தை எடுத்தவர் கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் ஒன்றில் தவறினால், அந்தத் திறன் பாடம் ஈடு செய்யும் விதியும் அங்கே உண்டு. தேர்ச்சி பெற அது உதவும். கணிதத்தில் தவறிய பிள்ளையைக் கணிதப் பிரிவில் நிலைக்கச் செய்ய அது உதவாது.

எங்கள் மதரஸாவைப் போன்ற இடங்களில் ஹிஃப்ளு முடித்துவிட்டுப் பள்ளிப் படிப்பைத் தொடர விரும்பும் மாணவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி. ஐந்து பாடங்கள் வேண்டும். கணினி அறிவியலும் உண்டு. டேட்டா என்ட்ரி ஆபரேஷன்ஸ் என்ற எளிய பாடமும் உண்டு. ஐந்தை நிரப்ப எளியதை எடுப்பது இயல்பு. ஆனால் பின்னர் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கப் போகிறோம் என்பதைப் பார்த்து மற்ற நான்கையும் எடுக்க வேண்டும்.

கணினியை மேல்நிலைக் கல்வியில் எங்கே வைப்பது என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் கணினி அறிவியல் கற்பிக்க வேண்டும் என்று 2015இல் சட்டம் இயற்றியது. 2021இல், பள்ளிப் படிப்பை முடிக்கவே அது வேண்டும் என்று மற்றொரு சட்டம் இயற்றியது. நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை. அதனாலேயே பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

மூன்று நிலையத் தூரம்

இனி, இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் ஒரு சகோதரர் மகளுடன் வந்தார். பெண் எங்கள் மக்தபில் ஓதியவள். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் மிக நல்ல மதிப்பெண்.

"கம்ப்யூட்டர்தான் ஹஜ்ரத்" என்றார். "இருபது வருஷம் நான் கையால் திருப்பிச் செய்ததை, இப்போது சி.என்.சி. மெஷினில் ஒரு சின்னப் பையன் சில வரிகள் எழுதி முடித்துவிடுகிறான். நான் இரும்பை மாட்டி எடுக்கிறேன். என் மகள் அந்த வரிகளை எழுதுகிறவளாக இருக்க வேண்டும்."

அந்தச் சொற்களில் இருந்த வேதனை எனக்குப் புரிந்தது. ஆயினும் இம்முறை நான் எழுந்து போகவில்லை. பிள்ளையைக் கேட்டேன். அவள் தந்தையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்: "கணக்கு எனக்குப் பிடிக்கும் ஹஜ்ரத். கம்ப்யூட்டரை நான் தொட்டதே இல்லை. பயாலஜி வேண்டாம், இரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்."

ஒரு கேள்வியில் பாதி முடிவு தெரிந்துவிட்டது. மறுநாள் அருகிலுள்ள பெண்கள் பள்ளிக்கு மூவரும் சென்றோம். அங்கே உயிரியல் பிரிவும், வணிகவியலுடன் கணினிப் பயன்பாடுகளும் மட்டுமே இருந்தன. கணிதத்துடன் கணினி அறிவியல் உள்ள அரசுப் பள்ளி ஆவடியில் இருந்தது. தந்தையின் முகம் மாறியது. "அவ்வளவு தூரம் ரயிலில் தனியாக எப்படி அனுப்புவது? இங்கேயே காமர்ஸில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுவும் கம்ப்யூட்டர்தானே?" என்றார்.

அதுவும் கம்ப்யூட்டர்தான். ஆனால் அதில் கணிதம் இல்லை. அந்தப் பிள்ளையின் கையில் இருந்த ஒரே செல்வம் கணிதம். இதை நான் விளக்கினேன். அவர் ஒப்பவில்லை, வயது வந்த பெண்ணைப் பெற்றவரின் அச்சத்தை நான் இலேசாக எண்ணவும் இல்லை.

அன்று இரவு அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை அடுக்களையில் இருந்த அவருடைய மனைவி வாசலருகே வந்து நின்று பேசினார். "நான் எட்டாவதோடு நின்றது எதனால் தெரியுமா, ஹஜ்ரத்? ஹைஸ்கூலுக்குப் பஸ்ஸில் போக வேண்டும் என்றார்கள். என் அத்தா பஸ்ஸைத்தான் காரணம் சொன்னார். இன்று இவர் ரயிலைச் சொல்கிறார். அம்பத்தூரிலிருந்து ஆவடி மூன்றாவது ஸ்டேஷன். முதல் ஒரு மாதம் நானே கூடப் போய் வருகிறேன்."

வீட்டில் அமைதி நிலவியது. சகோதரர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சீசன் டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்! நான் எத்தனை பாடநூல் படித்தும் சொல்ல முடியாததை அந்தத் தாய் சொல்லி முடித்தார்.

பூட்டியிருக்கும் அறை

கதை அங்கே சுபமாக முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். முதல் இடைத்தேர்வில் கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய அந்தப் பெண், கணினி அறிவியலில் தேர்ச்சி எல்லையைத் தொட்டாள், அவ்வளவுதான். வீட்டில் கணினி இல்லை. பள்ளியில் ஒரு கணினிக்கு முன் பல பிள்ளைகள். கணினி மொழியைத் தாளில் எழுதிப் பழகுவது, தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்பது போன்றதாயிற்று.

அப்போதுதான் எங்கள் பள்ளிவாசல் அலுவலக அறை என் நினைவுக்கு வந்தது. சந்தாக் கணக்குக்காக வாங்கிய கணினி அங்கே மாதத்தில் நான்கு நாள்கள் ஓடும். மற்ற நாள்களில் துணி போர்த்திப் பூட்டியிருக்கும். ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேசினேன். சிலர் தயங்கினர், தலைவர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்பகல் பெண் பிள்ளைகளுக்கும் பிற்பகல் ஆண் பிள்ளைகளுக்கும் அறை திறக்கிறது. அந்தப் பெண்ணின் தாய் உடன் வந்து அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பார். சொல்லிக் கொடுப்பவன் யார் தெரியுமா? முன்பு நான் தவறான வழி காட்டிய அதே மாணவன்தான். இரவுப் பணி முடித்து, உறங்காத கண்களுடன் வந்து உட்காருகிறான். கூலி எதுவும் அவன் கேட்டதில்லை.

"அல்காரிதம்" என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமையுடன் பேசுகிறோம். "அல்ஜீப்ரா" அவருடைய நூலின் பெயரிலிருந்து வந்தது என்றும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை, பூட்டிய அறையின் சாவியைத் திருப்பித் தராது. அதை நாம்தான் திருப்ப வேண்டும்.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊரில் இவற்றைச் செய்து பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ ஒரு மாலை பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டுங்கள். விவரம் அறிந்த ஆசிரியர் ஒருவரை அழையுங்கள். சுற்றியுள்ள பள்ளிகளில் எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன என்று ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய பெட்டி உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கினால், தூசி தட்டி அதை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளையைத் தனியே அழைத்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டால், "நாளை வாருங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்வதில் இழுக்கில்லை. அந்த ஒரு வரியை அன்று நான் சொல்லியிருக்கலாம்.